இருவழி மெமரி லிங்கில் ஒரு பக்கம் சும்மா கிடக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி

மெமரி எக்ஸ்பான்ஷன் கார்டின் விளம்பரத் தாளில் "நொடிக்கு 126 ஜிபி" என்று கொட்டை எழுத்தில் இருந்தால், முதல் வேலையாக அதை இரண்டால் வகுத்துவிடுவேன். கார்டைப் பிராசசரோடு இணைக்கும் பிசிஐஇ 5.0 லிங்கில் 16 லேன் (இணைத் தடங்கள்) என்றால் ஒரு திசைக்குச் சுமார் 63 ஜிபி. போக 63, வர 63. கூட்டிப் போட்ட எண் பொய் இல்லை. ஆனால் உங்கள் புரோகிராம் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் டேட்டாவை ஓட்டினால்தான் அது கைக்கு வரும். பெரும்பாலான புரோகிராம்கள் படிக்கும்போது படிக்கின்றன, எழுதும்போது எழுதுகின்றன. ஒரு பக்கம் திணறும்போது மறுபக்கம் சும்மா கிடக்கும்.

சர்வர்களில் சிஎக்ஸ்எல் (பிசிஐஇ கம்பிகளில் மெமரியை இணைக்கும் முறை) வழியாகச் சேர்க்கும் கூடுதல் மெமரியை அளந்து, எந்த டேட்டாவை எங்கே வைக்கலாம் என்று சொல்வது என் வேலை. என் நோட்டில் எல்லாப் பக்கமும் நடுவில் கோடு போட்டுத்தான் இருக்கும்: இடது பக்கம் "போவது", வலது பக்கம் "வருவது". பிராசசரிலிருந்து மெமரிக்குச் செல்வது போவது. மெமரியிலிருந்து பிராசசருக்குத் திரும்புவது வருவது. மொத்த பைட் எவ்வளவு என்று யாராவது சொன்னால் எழுதிக்கொள்ள மாட்டேன். எந்தப் பக்கம் எவ்வளவு என்று திருப்பிக் கேட்பேன். கீழே சொல்வதெல்லாம் இந்தக் கோட்டை ஒட்டித்தான்.

டிடிஆர் பழக்கத்தை ஒதுக்கி வையுங்கள்

மதர்போர்டில் நேராகச் செருகும் டிடிஆர் மெமரியில் டேட்டா ஓடும் கம்பிகள் ஒரே தொகுதிதான். ரீடும் ரைட்டும் அதே கம்பிகளில் முறை வைத்துக்கொண்டு ஓடும். திசை மாறும் ஒவ்வொரு முறையும் சில கிளாக் சுற்றுகள் வீணாகும். அதனால்தான் மெமரி கன்ட்ரோலர் ரைட்களை வரிசையில் சேர்த்து வைத்து, வரிசை ஓர் அளவைத் தொட்டதும் மொத்தமாக இறக்குகிறது. டிடிஆரில் ரீட் மட்டும் ஓட்டினால் உச்சம் கிடைக்கும். ரைட் கலக்கக் கலக்கக் குறையும். இதையே பல வருடம் பார்த்துப் பழகியவர்களுக்கு "ரீடையும் ரைட்டையும் கலக்காதே" என்பது கையோடு வந்துவிட்ட பழக்கம்.

சிஎக்ஸ்எல் ஓடுவது பிசிஐஇ-யின் கம்பிகளில். அங்கே ஒவ்வொரு லேனிலும் போக ஒரு ஜோடிக் கம்பி, வர ஒரு ஜோடிக் கம்பி. திசை மாற்றும் செலவே கிடையாது. ரீட் மட்டும் ஓட்டினால் போகும் பக்கத்தில் சின்னச் சின்னக் கோரிக்கைகள் மட்டுமே போகும். ரைட் மட்டும் ஓட்டினால் வரும் பக்கத்தில் "வந்து சேர்ந்தது" என்ற பதில்கள் மட்டுமே வரும். டிடிஆருக்குச் செய்ததற்கு நேர் எதிராக, இங்கே கலக்க வேண்டும்.

கையை வைப்பதற்கு முன்

லிங்க் முழு வேகத்தில் எழுந்திருக்கிறதா என்று பாருங்கள். லினக்ஸில் எல்எஸ்பிசிஐ கருவி, கார்டால் முடிந்த வேகத்தையும் அகலத்தையும், இப்போது உண்மையில் ஓடும் வேகத்தையும் அகலத்தையும் தனித்தனி வரிகளில் காட்டும். 8 லேன் கார்டு 4 லேனில் எழுந்திருந்தால் இந்தக் கட்டுரையில் உள்ள எதுவும் உங்களைக் காப்பாற்றாது. கார்டைக் கழற்றி மாட்டுங்கள், ஸ்லாட்டை மாற்றுங்கள், பயாஸில் அந்த ஸ்லாட்டின் லேன் பங்கீட்டைப் பாருங்கள்.

அடுத்தது, லிங்குக்குப் பின்னால் எத்தனை டிடிஆர் சேனல் இருக்கிறது? இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். பிசிஐஇ 5.0-இல் 8 லேன் என்றால் திசைக்கு 31.5 ஜிபி, இரண்டும் சேர்ந்து 63. டிடிஆர்5-4800 சேனல் ஒன்று 38.4 ஜிபி. கார்டில் ஒரே சேனல்தான் என்றால், நீங்கள் எவ்வளவு அழகாகக் கலந்தாலும் 38.4-ஐத் தாண்ட முடியாது. அந்தச் சேனலின் திசை மாற்றச் செலவு போக அதற்கும் கீழேதான். இரண்டு சேனல் இருந்தால் 76.8, அப்போது லிங்கின் இரு பக்கத்தையும் நிரப்ப இடம் இருக்கிறது. ஆக, 8 லேனுக்குப் பின்னால் ஒரே சேனல் உள்ள கார்டுக்கு மென்பொருளில் பெரிதாக உழைக்காதீர்கள். ரீட் மட்டும் ஓட்டியே அதன் பெரும்பகுதியை எடுத்துவிடலாம்.

அளப்பது

சிஎக்ஸ்எல் மெமரியை லினக்ஸ் பொதுவாக கோர் இல்லாத ஒரு நியூமா நோடாக (கோர்களையும் மெமரியையும் பிரித்துக் காட்டும் தொகுதிகளில் ஒன்று) காட்டும். அது வசதி. நியூமாசிடிஎல் கருவியால் கோர்களை ஒரு நோடிலும் மெமரியை அந்தப் புதிய நோடிலும் கட்டிவிட்டு எதை வேண்டுமானாலும் ஓட்டிப் பார்க்கலாம். நான் பயன்படுத்துவது இன்டெலின் மெமரி லேட்டன்சி செக்கர். ரீட் மட்டும், 3:1, 2:1, 1:1 என்று ரீட்-ரைட் விகிதங்களை மாற்றி மாற்றி ஓட்ட அதில் வசதி உண்டு.

ஒவ்வொரு விகிதத்துக்கும் கிடைத்த பேண்ட்வித்தை (நொடிக்கு ஓடும் டேட்டாவின் அளவு) ஒரு கோடாக வரையுங்கள். உள்ளூர் டிடிஆரில் கோடு ரீட் முனையில் உயர்ந்து ரைட் பக்கம் சரியும். சிஎக்ஸ்எல் நோடில் கோடு நடுவில் மேடு போட வேண்டும். மேடு இல்லாமல் தட்டையாக இருந்தால் தடை லிங்கில் இல்லை; பின்னால் இருக்கும் டிடிஆர் மெமரியிலோ, போதாத கோர்களிலோ இருக்கிறது.

கோர் எண்ணிக்கையை அலட்சியம் செய்யாதீர்கள். ஒரு லிங்கை நிரப்ப எத்தனை கோரிக்கைகள் ஒரே நேரத்தில் காற்றில் இருக்க வேண்டும் என்பது வேகத்தையும் தாமதத்தையும் பெருக்கினால் வரும். 31.5 ஜிபி வேகம், 250 நானோ நொடித் தாமதம் என்று வைத்தால் 7,875 பைட். 64 பைட் கேஷ் லைன்களாக (பிராசசர் மெமரியிலிருந்து ஒரு தடவைக்கு எடுக்கும் துண்டு) சொன்னால் சுமார் 123. இது ஒரு திசைக்கு மட்டும். ஒரு கோரின் முதல் நிலை கேஷ் பத்துப் பதினாறு கோரிக்கைகளைத்தான் நிலுவையில் வைத்திருக்கும். அடுத்து வேண்டியதை முன்கூட்டியே எடுக்கும் ப்ரீஃபெட்ச்சர், இரண்டாம் நிலை கேஷ் வழியாக இன்னும் கொஞ்சம் கூட்டும். ஒற்றைக் கோரை வைத்து அளந்துவிட்டு "கார்டு மோசம்" என்று எழுதி அனுப்பும் அறிக்கைகள் எனக்கு வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

எந்த விகிதம் நல்லது?

சரிபாதி என்று தோன்றும். கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால் அப்படி இல்லை. சிஎக்ஸ்எல் 1.1, 2.0-இல் டேட்டா 68 பைட் பொட்டலங்களாகப் போகும், ஃப்ளிட் என்பார்கள். அதில் 64 பைட், 16 பைட் கொண்ட நான்கு ஸ்லாட்கள். மீதி 4 பைட் அடையாளத்துக்கும் பிழை சோதனைக்கும். ஒரு ரீட் கோரிக்கை போகும் பக்கத்தில் ஏறக்குறைய ஒரு ஸ்லாட்டைப் பிடிக்கும். ஒரு ரைட், தலைப்புக்கு (எதை, எந்த முகவரியில் என்ற குறிப்பு) ஒரு ஸ்லாட், டேட்டாவுக்கு நான்கு, ஆக ஐந்து. வரும் பக்கத்தில் பதில்களின் தலைப்புகள் சிறியவை. ஒரே ஸ்லாட்டில் ஒன்றுக்கு மேல் ஏறிக்கொள்ளும்.

ஒரு ரீட், ஒரு ரைட் என்று எடுத்தால் போகும் பக்கம் 16 + 80, ஆக 96 பைட். வரும் பக்கம் 64 பைட் டேட்டாவும் கொசுறாக ஒரு ஸ்லாட் அளவுத் தலைப்பும், சுமார் 80. போகும் பக்கம் முதலில் நிரம்பிவிடும். அதனால் உச்சம் சரிபாதியில் வராமல், ரீட் கொஞ்சம் தூக்கலாக இருக்கும் இடத்தில், 1:1-க்கும் 3:2-க்கும் நடுவில் எங்கோ வரும். இது தோராயக் கணக்குதான். கன்ட்ரோலர் ஸ்லாட்களை எப்படி அடுக்குகிறது என்பதைப் பொறுத்து நகரும். ஆனால் 1:1-இல் அளந்துவிட்டு அதுதான் உச்சம் என்று நிறுத்திவிடாதீர்கள்.

கண்ணுக்குத் தெரியாத ரீட்கள்

கோடிங் பக்கம் வருவோம். சாதாரண ஸ்டோர் (மெமரியில் எழுதும் கட்டளை) ஒன்று, கேஷில் இல்லாத லைனில் எழுதினால், பிராசசர் முதலில் அந்த லைனை மெமரியிலிருந்து படித்து வரும், அப்புறம்தான் மாற்றும், பின்னொரு நாள் வெளியே தள்ளும். நீங்கள் எழுதவே எழுதுகிறீர்கள். லிங்கிலோ ஒரு ரீடும் ஒரு ரைட்டும் ஓடுகிறது. கேஷில் வைக்காமல் நேராக மெமரிக்கு எழுதும் நான்-டெம்போரல் ஸ்டோர் இந்த ரீடைத் தவிர்த்துவிடும்.

இதன் பலன் டிடிஆரில் ஒரு மாதிரி, இருவழி லிங்கில் வேறு மாதிரி. தலைப்புச் செலவை விட்டுவிட்டுக் கணக்குப் போடுங்கள். 38.4 ஜிபி டிடிஆர் சேனலில் பெரிய அரேயைப் பூஜ்ஜியமாக்கினால் சாதாரண ஸ்டோரில் 19.2 ஜிபி வேகம், நான்-டெம்போரலில் 38.4. இரு மடங்கு. 31.5 ஜிபி லிங்கில் அதே வேலைக்கு இரண்டு முறையிலும் 31.5 தான், ஏனென்றால் கூடுதல் ரீட் சும்மா கிடந்த வரும் பக்கத்தில் ஓடுகிறது! அங்கே நான்-டெம்போரலுக்கு மாற்றி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.

காப்பி செய்வது வேறு கதை. சாதாரண ஸ்டோரில் மூலத்தைப் படிக்க ஒன்று, போய்ச் சேரும் இடத்தைப் படிக்க ஒன்று என்று வரும் பக்கம் இரண்டு பங்கு. போகும் பக்கம் ஒரு பங்கு. வேகம் 15.75 ஜிபி. நான்-டெம்போரல் போட்டால் ஒன்றுக்கு ஒன்று ஆகி 31.5. டிடிஆரில் இதே மாற்றம் 12.8-ஐ 19.2 ஆக்கும், ஒன்றரை மடங்கு. லிங்கில் முழு இரு மடங்கு. ஆக, நான்-டெம்போரலை எங்கே போடுவது என்ற கேள்விக்கு என் பதில்: அதிகம் நிரம்பிய பக்கத்திலிருந்து பைட்டைக் குறைக்குமா என்று பாருங்கள். குறைத்தால் போடுங்கள், காலியான பக்கத்திலிருந்து குறைத்தால் விட்டுவிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சியில் காப்பி செய்யும் ஃபங்ஷன் மெம்காப்பி, ஓர் அளவுக்கு மேல் தானாகவே நான்-டெம்போரலுக்கு மாறிவிடும். நீங்கள் எழுதியதை அதனோடு ஒப்பிடும்போது இதை நினைவில் வையுங்கள். அப்புறம், நான்-டெம்போரல் ஸ்டோரில் 64 பைட்டையும் அடுத்தடுத்து நிரப்புங்கள். பாதி லைன் எழுதி நிறுத்தினால் அது பகுதி ரைட்டாகப் போகும். பிழைத் திருத்தம் உள்ள மெமரியில் கார்டு அந்த லைனைப் படித்து, கலந்து, திரும்ப எழுத வேண்டி வரலாம்.

நேரத்தில் சந்திக்க வைப்பது

முக்கியமான இடம் இதுதான். விகிதம் சரியாக இருந்தால் மட்டும் போதாது; ரீடும் ரைட்டும் அதே மில்லி நொடியில் ஓட வேண்டும்.

ஒரு வேலை ஒரு நொடி முழுக்க 31.5 ஜிபி வேகத்தில் படிக்கிறது, அடுத்த நொடி அதே வேகத்தில் எழுதுகிறது என்று வையுங்கள். இரண்டு நொடிச் சராசரி எடுத்தால் விகிதம் அழகாக 1:1, ஒவ்வொரு பக்கமும் பாதி நிரம்பியிருக்கிறது, "இன்னும் இடம் இருக்கிறதே" என்று கிராஃப் சொல்லும். உண்மையில் எந்த நொடியிலும் ஒரு பக்கம் முட்டி நிற்கிறது, மறுபக்கம் தூங்குகிறது. ஒரு நொடிச் சராசரியைக் காட்டும் டாஷ்போர்டை இந்த வேலைக்கு நான் நம்புவதே இல்லை. பிராசசரின் அன்கோர் கவுண்டர்களை (கோர்களுக்கு வெளியே நடப்பதை எண்ணுபவை) லினக்ஸின் பெர்ஃப் கருவி வழியாக, முடிந்த அளவு சிறிய இடைவெளியில் எடுத்து, ரீடையும் ரைட்டையும் தனித்தனிக் கோடாக வரையுங்கள். சிஎக்ஸ்எல் 3.0 விதிமுறை கார்டுகளுக்கென்றே ஒரு கவுண்டர் அமைப்பை வகுத்திருக்கிறது, லினக்ஸில் அதற்கு டிரைவர் உண்டு. உங்கள் கார்டில் அது இருந்தால் இன்னும் நல்லது. ஒரு கோடு ஏறும்போது மற்றது இறங்கினால் சரிசெய்ய வேண்டிய இடத்தைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

அந்த மாதிரி வடிவத்துக்குப் பெரும்பாலும் காரணம் பாரியர். எல்லாத் த்ரெட்டும் ஒரே கோட்டில் நின்று, சேர்ந்து படித்து, சேர்ந்து கணக்குப் போட்டு, சேர்ந்து எழுதும். வேலையைப் பல த்ரெட்டாகப் பிரிக்கும் ஓப்பன்எம்பி நிரல்களில் இது தானாகவே அமைந்துவிடும். பாரியர் கட்டாயம் இல்லாத இடத்தில் எடுத்துவிடுங்கள். எடுக்க முடியாவிட்டால் த்ரெட்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவை அரைச் சுற்று தள்ளித் தொடங்க வையுங்கள். ஒன்று எழுதும்போது மற்றது படிக்கும். ஒரே த்ரெட்டுக்குள் என்றால் இரட்டை பஃபர்: முந்தைய துண்டை எழுதும்போதே அடுத்த துண்டை ப்ரீஃபெட்ச் செய்யுங்கள்.

துண்டின் அளவில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சாதாரண ஸ்டோர் உடனே லிங்குக்குப் போகாது. அழுக்கான லைன், அதாவது மாற்றப்பட்டு இன்னும் மெமரிக்குப் போகாத லைன், கேஷில் உட்கார்ந்திருந்து, இடம் வேண்டும்போதுதான் வெளியேறும். அதனால் கேஷை விடச் சிறிய துண்டுகளில் வேலை செய்தால், உங்கள் நிரலில் தெரியும் ரீட்-ரைட் ஒழுங்குக்கும் லிங்கில் ஓடுவதற்கும் சம்பந்தமே இருக்காது. பல சமயம் இது நல்லதுக்குத்தான், கேஷே இரண்டையும் கலந்து கொடுத்துவிடும். நல்லதுக்கு இல்லை என்றால், எழுதி முடித்த லைன்களைக் கேஷிலிருந்து வெளியே அனுப்பும் கட்டளை (எக்ஸ்86-இல் சிஎல்டபிள்யூபி) கொடுத்து, ரைட்டை ரீட் நேரத்துக்கு இழுத்து வரலாம். எனக்கு இது கடைசி ஆயுதம். பிராசசருக்குப் பிராசசர் நடத்தை மாறும், அளக்காமல் போடாதீர்கள்.

ஒரே சர்வரில் பல வேலைகள் ஓடினால் நிரலைத் தொடாமலே ஜோடி சேர்க்கலாம். இன்டெக்ஸை ஸ்கேன் செய்யும் வேலை கிட்டத்தட்ட முழுக்க ரீட். புதிய டேட்டாவை ஏற்றும் வேலை ரைட் தூக்கல். இரண்டும் வேறு வேறு கார்டில் தனித்தனியாக இருந்தால் ஒவ்வொரு கார்டும் பாதி வீண். இரண்டையும் இரண்டு கார்டுகளிலும் பரப்பி, ஒரே நேரத்தில் ஓட விடுங்கள். "ஒன்றோடு ஒன்று மோதக்கூடாது, பிரித்து வையுங்கள்" என்று நிர்வாகப் பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வார்கள். டிடிஆருக்கு அது சரி.

எதை எங்கே வைப்பது

"அதிகம் தொடாத டேட்டாவைச் சிஎக்ஸ்எல்லுக்குத் தள்ளு" என்பது வழக்கமான அறிவுரை. தாமதத்தை மட்டும் பார்த்தால் நியாயம். பேண்ட்வித் போதாமல் தவிக்கும் வேலைக்கு நான் வேறு கேள்வி கேட்பேன்: இந்த டேட்டாவில் ரீடும் ரைட்டும் கலந்து ஓடுகிறதா? வரிசையாகப் படித்து, மாற்றி, எழுதும் பெரிய அரேக்கள் சிஎக்ஸ்எல் பக்கம் போகட்டும். அவைதான் டிடிஆரில் திசை மாற்றச் செலவை ஏற்றுபவை. படிக்க மட்டும் செய்யும் அட்டவணைகள், பாயின்டர் பிடித்துத் தாவும் டேட்டா எல்லாம் உள்ளூர் டிடிஆரில் இருக்கட்டும்.

மெமரிப் பக்கங்களை (பேஜ், லினக்ஸ் மெமரியைப் பிரித்துக் கொடுக்கும் துண்டு) நோடுகளுக்குப் பகிர்ந்து போட, லினக்ஸ் 6.9-இல் வந்த எடையிட்ட இன்டர்லீவ் இருக்கிறது. நோடுக்கு ஓர் எடை கொடுத்தால் அந்த விகிதத்தில் பக்கங்கள் விழும். எட்டு சேனல் டிடிஆர்5-4800 என்றால் 307 ஜிபி. 8 லேன் கார்டு நான்கு என்றால் திசைக்கு 126. ரீட் மட்டும் ஓடும் வேலைக்கு 5:2 என்று தொடங்கலாம். கலந்து ஓடும் வேலைக்கு அதே எடை சரிவராது. டிடிஆர் பக்கம் குறைந்துவிடும், கார்டுகளின் பக்கம் 252 வரை கூடும், அதாவது பின்னால் போதுமான சேனல் இருந்தால். 3:2-இலிருந்து தொடங்கி மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். ஒரு சர்வருக்கு ஒரே எடை என்று நிரந்தரமாக எழுதி வைப்பது எனக்குப் பிடிக்காத பழக்கம். எடை வேலையைப் பொறுத்தது. பயாஸ் தரும் தகவல் சரியாக இருந்தால் ஒவ்வொரு நோடின் ரீட் பேண்ட்வித்தையும் ரைட் பேண்ட்வித்தையும் கர்னலே சிஸ்எஃப்எஸ் ஃபைல்களில் தனித்தனியாகக் காட்டும். தொடங்க அது போதும். முடிக்க உங்கள் சொந்த அளவு வேண்டும்.

ஜிபியு இருந்தால்

பிசிஐஇ-யில் இருக்கும் ஜிபியுவுக்கும் இதே கோடுதான். உள்ளே அனுப்புவதையும் வெளியே எடுப்பதையும் தனித்தனி ஸ்ட்ரீமில் (ஜிபியுவின் வேலை வரிசை) போடுங்கள். இரண்டுக்கும் பின்ன்டு மெமரி (இடம் மாறாதபடி பூட்டி வைத்த மெமரி) கட்டாயம். சாதாரண மெமரியிலிருந்து காப்பி செய்தால் டிரைவர் தன் சொந்த பஃபர் வழியாக எடுத்துச் செல்லும், ஒன்றன் மேல் ஒன்று ஓடாது. உங்கள் ஜிபியுவில் காப்பி எஞ்சின் இரண்டு இருக்கிறதா என்று டிவைஸ் விவரத்தில் பாருங்கள். ஒன்றுதான் என்றால் காப்பிகளால் மட்டும் இரு பக்கத்தையும் நிரப்ப முடியாது. பெரிய மொழி மாடல் ஓட்டுபவர்களுக்கு இது நல்ல வாய்ப்பு: பழைய கேவி கேஷை (மாடல் முன்பு கணக்கிட்டுச் சேர்த்து வைத்தவை) வெளியே அனுப்பும் அதே நேரத்தில் அடுத்துத் தேவைப்படுவதை உள்ளே எடுக்கலாம்.

இரு பக்கமும் ஓட்டினாலும் முழு 126 வராது. உள்ளே எடுப்பதற்கு ஜிபியு அனுப்பும் ரீட் கோரிக்கைகள், வெளியே போகும் டேட்டாவின் பாதையிலேயே போகின்றன. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் தலைப்பு உண்டு. அதைவிடப் பெரிய தடை வேறொன்று. லிங்கில் ஓடும் ஒவ்வொரு பைட்டும் உள்ளூர் டிடிஆரிலும் ஓட வேண்டும். இரண்டு சேனல் டிடிஆர்5-4800 உள்ள மேசைக் கணினியில் மொத்தமே 76.8 ஜிபி, அதுவும் ரீட்-ரைட் கலந்தால் குறையும் சேனல்கள். அங்கே 16 லேன் ஜிபியுவின் இரு பக்கத்தையும் நிரப்ப வழியே இல்லை.

எப்போது நிறுத்துவது

பேண்ட்வித்தைக் கூட்டக் கூட்டத் தாமதமும் ஏறும். ஓர் இடம் வரை மெதுவாக, அதன்பின் செங்குத்தாக. மெமரி லேட்டன்சி செக்கரின் சுமையேற்றிய தாமதச் சோதனை இதைக் காட்டும். அதையும் விகிதம் மாற்றி மாற்றி ஓட்டுங்கள், ஏனென்றால் கோடு செங்குத்தாகும் இடம் ரீட் மட்டும் ஓடும்போது ஓரிடத்திலும் கலந்து ஓடும்போது வேறிடத்திலும் வரும். பயனருக்கு நேரடியாகப் பதில் சொல்லும் சர்வீஸ் என்றால் அந்த இடத்துக்கு முன்பாகவே நிறுத்திவிடுவேன். இரவில் ஓடும் பேட்ச் வேலை என்றால் தாமதத்தைப் பற்றிக் கவலைப்படாமல் இரு பக்கமும் நிரம்பும் வரை ஏற்றுவேன்.